உள்மடிப்பும் பொருளாதார நம்பிக்கையும்: ஓர் ஆய்வு

இந்திய ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகரத்து வீடுகளில் கணக்கெடுப்பு நடத்துகிறது. வருமானம், வேலை, விலைவாசி எல்லாம் போன ஆண்டைவிட எப்படி, அடுத்த ஆண்டு எப்படியிருக்கும் என்று விசாரித்து, நடப்பு நிலைக்கு ஒரு குறியீடும் எதிர்பார்ப்புக்கு ஒரு குறியீடும் வெளியிடுகிறது. 100க்கு மேலே நம்பிக்கை, கீழே சோர்வு. 2021 மே மாதம் நடப்பு நிலை 48.5க்கு விழுந்தபோதும் எதிர்பார்ப்பு ஏறக்குறைய அதன் இரு மடங்காக நின்றது. ‘அடுத்த வருஷம் சரியாயிடும்’ என்று சொல்வதற்குக் காசா, பணமா? வாய்ச்சொல்லுக்கு மசியாத அளவுகோல் ஒன்று வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு எடுக்கும் பேன்ட்டின் உள்மடிப்பே அது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

களம், தியாகராய நகர் ரங்கநாதன் தெரு. இங்கே எல்லாத் தாய்மார்களும் விற்பனையாளரிடம் சொல்வது ஒன்றுதான்: “வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே குடுங்கண்ணா.” ஐந்து வயதுக்குப் பிறகு, பருவம் எய்தும்வரை, குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். அதில் கால்களின் பங்கு பாதிக்குச் சற்று மேல். ஒன்றேகால் அங்குலம் என்று கொள்வோம். ஆக, பேன்ட் ஒன்றேகால் அங்குலம் நீளமாயிருந்தால் அடுத்த தீபாவளிக்கும் இதுதான் என்று அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. இரண்டரை என்றால் அதற்கடுத்த தீபாவளிக்கும். கச்சிதமாக எடுப்பவர்களே நம் நாட்டின் உண்மையான நம்பிக்கையாளர்கள். நான்கு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்பவர் எந்த நிதியமைச்சர் வந்தாலும் தேறமாட்டார்.

போனஸோடு உள்மடிப்புக்குள்ள உறவு நேரடியானது. 1965ஆம் ஆண்டுச் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களோடு, போனஸுக்கு ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் முதல் 20 சதவீதம் வரை என்று எல்லை வகுத்தது. முன்னது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதை வாங்கும் வீட்டில் மடிப்பு கனக்கும். 20 வாங்கும் வீட்டில் பையன் கேட்ட கலரும் கிடைக்கும், சைஸும் கிடைக்கும்.

பெண் குழந்தைகளின் பாவாடை இன்னும் தெளிவான ஆவணம். முன்பெல்லாம் டக் பிடித்துத் தைப்பார்கள், ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் வெளுக்காத பட்டை ஒன்று தெரியும். மரத்தின் ஆண்டு வளையம்போல அந்தப் பட்டைகளை எண்ணி, குடும்பத்தில் எத்தனை ஆண்டு பணமுடை நிலவியது என்று சொல்லிவிடலாம்.

இடர்ப்பாடுகளும் உண்டு. வீட்டில் தம்பி இருந்தால் கணக்கு குழம்பும். மடிப்பு அண்ணனுக்கானதா, வாரிசுக்கானதா என்று பிரித்தறிய இயலாது. எலாஸ்டிக் இடுப்பு வந்தபின் அகலவாட்டுத் தரவு முற்றிலும் போயிற்று. அப்பா மட்டும் தனியாகப் போய் எடுத்துவந்த துணிகளை ஆய்விலிருந்தே நீக்கிவிட்டோம். அங்கே சைஸ் தவறுவதற்குக் காரணம் பொருளாதாரம் அல்ல. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது.

ஆனாலும் அடிப்படை முடிவு அசையவில்லை. கணக்கெடுக்க வருபவரிடம் எதிர்காலம் பிரகாசம் என்று சொல்லும் அதே அம்மா, கடையில் ஒரு சைஸ் பெரிதாகக் கேட்கிறார். இரண்டில் எதற்குப் பணம் கொடுத்தாரோ அதையே ஆய்வுலகம் ஏற்கவேண்டும்.

ரிசர்வ் வங்கிக்கு எமது வேண்டுகோள்: கேள்வித்தாளை வைத்துவிட்டு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று ஆட்களை இஞ்ச் டேப்போடு ரங்கநாதன் தெருவுக்கு அனுப்புங்கள். காலையிலேயே அனுப்புங்கள், மாலையில் டேப்பை விரிக்க இடம் கிடைக்காது.