தொண்ணூத்தஞ்சு அண்ணாச்சி

"என்ன போடுதிய?"

கரிசல் காட்டில் புரட்டாசி மாதம் இப்படி யாராவது கேட்டால் உளுந்து, பாசி, மக்காச்சோளம் என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தொண்ணூத்தஞ்சு அண்ணாச்சி கேட்டால் அது பெட்ரோலைப் பற்றிய விசாரணை. "சாதாதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைய சோலி கெட்டது. அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு நம் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த மாதிரி ஆட்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும். மணியாச்சியைச் சுற்றி ஆரஞ்சு நிற 390 பைக் வேறு யாரிடமும் இல்லை.

ரயில் மாற மணியாச்சி ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் வழக்கமாக ஒன்றுதான் கேட்பார்கள். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது எந்த இடத்தில்? அண்ணாச்சியிடம் கேட்டால், "அது அங்ஙனதான். நீங்க எந்த ஊரு? உங்க ஊர்ல நூறு கிடைக்குதா?" என்று திருப்பிக் கேட்பார். நூறு என்றால் 100 ஆக்டேன். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற பெயரில் கொண்டுவந்த பெட்ரோல் அது. மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து, முதலில் பத்து நகரங்களில் லிட்டர் 160 ரூபாய் வாக்கில் விற்றார்கள். அந்தப் பத்தில் கோவில்பட்டி இல்லை. இதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் வாங்கிய ஊருக்கு ஒரு நூறு கொடுத்தால் என்ன என்பது அவருடைய ஆதங்கம். கிடைக்காத நூறுக்குப் பதிலாகத்தான் தொண்ணூற்றைந்தோடு குடும்பம் நடத்துகிறார். அதற்கும் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். அதைக் கோயில் உண்டியல் கணக்கில் எழுதிவிடுகிறார்.

அவர் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரயில்வே கேட் மூடியிருக்கும். இரண்டு பக்கமும் வண்டிகள். சிலர் இஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு நிற்பார்கள். அண்ணாச்சிக்கு இதுதான் ஆஸ்பத்திரி. வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொரு வண்டியாக வருவார். குனிவார். வலது காதை சிலிண்டருக்கு ஒரு சாண் தூரத்தில் வைப்பார். ஒரு விரலை உயர்த்துவார். யாரும் பேசக்கூடாது என்று அர்த்தம். பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணும் பேசக்கூடாது, குழந்தையும் அழக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, நாடி பார்த்த வைத்தியர்களுக்கே உரிய வருத்தத்தோடு, "நாக் அடிக்குது" என்பார். இஞ்சின் உள்ளே தட்டுகிறதாம்.

எந்த வண்டியானாலும் அதே தீர்ப்புதான். செயின் தொய்ந்து கவரில் உரசும் ஸ்பிளெண்டரா? நாக். மட்கார்டு போல்ட் கழன்ற டிவிஎஸ் எக்ஸ்எல்லா? நாக். டேப்பட் சரிபார்த்து நாலு வருஷமான பழைய புல்லட்டா? "அய்யோ, கேக்கியளா, கேக்கியளா!" என்று பக்கத்து வண்டிக்காரரின் தலையையும் பிடித்து உள்ளே இழுப்பார். ஒருமுறை தூத்துக்குடி பக்கம் போகிற கூட்ஸ் வண்டி நம் காதுக்குப் பக்கத்திலேயே தடதடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவருக்கு நாக் கேட்டது. கூட்ஸ் கடந்துபோன பிறகு பார்த்தால் அவர் காது வைத்திருந்த வண்டி அணைந்து கிடந்தது.

இன்னொரு நாள் ஒரு டீசல் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டார். காதை வைத்தவர் பதறி எழுந்தார். "ஏம்ப்பா, இது பயங்கரமால்ல தட்டுது!" ஆட்டோக்காரர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, "அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான் அண்ணாச்சி" என்றார். டீசலில் பிளக் கிடையாது, அழுத்தத்திலேயே தானாகப் பற்ற வேண்டும், சீக்கிரம் பற்றுவதுதான் நல்ல டீசலுக்கு அழகு, அதை அளப்பது சீட்டேன் எண், அதுவும் ஆக்டேனும் எதிரும் புதிரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் பழக்கத்தை விட முடியவில்லை. "அப்ப சரி" என்று அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

இதில் பெரிய வேடிக்கை, கேட்டில் சும்மா நின்று உறுமும் வண்டியில் நாக் கேட்பதே அபூர்வம். கயத்தாறு பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போனார். இரண்டு ஆளும் ஒரு உரமூட்டையும் ஏற்றிக்கொண்டு, பாலத்து ஏற்றத்தில் டாப் கியரை மாற்றாமல் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதுதான் அந்தக் கிணிகிணிச் சத்தம் வரும். அதைக் கேட்க வேண்டுமானால் அண்ணாச்சி ஓடுகிற வண்டியோடு காதை வைத்துக்கொண்டே பாலம் ஏற வேண்டும். ஒருநாள் அதையும் செய்வார் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் ஆளுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஆக்டேனை விளக்கி நான் கேட்டிருக்கிறேன். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்வந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வார். குச்சி கட்டில் ஒரு ஓரத்தில் தீ வைத்தால் வரிசையாகப் பற்றிக்கொண்டு போக வேண்டும், அதுதான் முறையான எரிதல். அந்தத் தீ வந்து சேருமுன் மறு ஓரத்துக் குச்சிகள் சூட்டிலேயே தானாகக் குப்பென்று பிடித்தால் அதுதான் நாக். சிலிண்டருக்குள் பெட்ரோலையும் காற்றையும் எவ்வளவு நெருக்கி அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து. அமுக்கத்தைத் தாங்கி, பிளக் சொல்லும்வரை பொறுத்திருக்கும் குணத்துக்குத்தான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு நடுவில் அளக்கிறார்கள். சாதா பெட்ரோலுக்கு வெகுநாள் குறைந்தபட்சம் 91, பிரீமியத்துக்கு 95 என்று இருந்தது. அவருடைய வண்டியில் அமுக்க விகிதம் பன்னிரண்டுக்கு மேல். பழைய வார்ப்பிரும்புப் புல்லட்டில் அது ஏழைக்கூடத் தொடாது. அதில் தொண்ணூற்றைந்தை ஊற்றினாலும் நூறை ஊற்றினாலும் அது பாட்டுக்கு டுப்டுப் என்று போகும். காசு மட்டும் வேகமாகப் போகும். பொறுமை கூடுதலான பெட்ரோலில் சக்தி கூடுதலாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இவ்வளவையும் கோர்வையாகச் சொல்லி முடித்து, டீ கிளாஸை வைத்துவிட்டு, வெளியே நிற்கும் எக்ஸ்எல்காரரிடம் போய், "தொண்ணூத்தஞ்சு போட்டுப் பாருங்க, பறக்கும்" என்பார். எனக்கு அந்த இடத்தில்தான் ரத்தக் கொதிப்பு ஏறும்.

அமெரிக்க வீடியோக்கள் அவரை ஒரு மாதம் படுக்கவைத்த கதை தனி. அங்கே பங்க்கில் சாதா 87 என்று எழுதியிருக்கிறது. "அமெரிக்காக்காரனே எம்பத்தேழுதான் போடுதான்!" என்று தூக்கம் கெட்டுப் போனார். கடைசியில் அவரே கண்டுபிடித்தார்: நம்மூரில் சொல்வது ரிசர்ச் முறை எண். அங்கே அதையும், இன்னும் கடுமையான மோட்டார் முறை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். அவர்களுடைய 87, கிட்டத்தட்ட நம் 91தான். இதைக் கண்டுபிடித்த அன்று ஊரில் பத்துப் பேருக்கு அவர் செலவில் டீ. நானும் குடித்தேன். அவர் பணத்தில் நான் கண்ட ஒரே லாபம் அதுதான்.

எத்தனால் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். 2023 பிப்ரவரியில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, பிறகு பங்க்குக்குப் பங்க் பரவியது. எத்தனாலின் ஆக்டேன் நூறுக்கு மேல். ஆகவே ஒரு கண்ணில் ஆனந்தம். அதே எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, மைலேஜ் கொஞ்சம் அடிபடும். ஆகவே மறு கண்ணில் கண்ணீர். மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள் என்று படித்துவிட்டு, காட்டில் படைப்புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சம்சாரி ஒருவரிடம் போய், "மாமா, நீங்க விதைக்கதுதான் நாளைக்கு என் வண்டியில ஆக்டேனா ஓடும்" என்றார். அவர் நிமிராமலே கேட்டார்: "அப்ப எம் மூட்டைக்கு மட்டும் ஏன்யா வெலை ஓட மாட்டேங்குது?"

"அந்தக் காலத்துப் பெட்ரோல் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுவதும் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் நாக் சத்தத்தை அடக்கியது ஈயம். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி அமெரிக்காவில் கண்டுபிடித்த சரக்கு, உலகத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் எல்லாம் கலந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் அதை முழுக்க நிறுத்தினார்கள். இதைச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. டேங்கில் அந்துருண்டை போட்டால் வண்டி சீறும் என்று ஒரு காலத்தில் ஊரையே நம்பவைத்ததும் இவர்தான். அப்போது எங்கள் பக்கம் துணிக்குப் போட அந்துருண்டை கிடைக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவர் வண்டிக்கு அவர் செய்வது தப்பில்லை. சித்திரை வெயிலில் கரிசல் பூமி வெடித்துக் கிடக்கிறபோது, அவ்வளவு அமுக்கமுள்ள இஞ்சினை நாற்கரச் சாலையில் விரட்டுகிறவருக்கு நல்ல ஆக்டேன் தேவைதான். எது சரியான எண் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் அவர் வீட்டு பீரோவில் பாலிதீன் உறை பிரிக்காமல், நகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் பங்க்குக்கு வந்தால் ஐந்து லிட்டர் அளவு ஜாடியை எடுக்கச் சொல்வார், அடர்த்தி எழுதிய பலகையை வாசிப்பார், வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் கறை பார்ப்பார். பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். ஆனால் அவருக்கு அடுத்து நிற்கும் பத்துப் பேருக்கும் அளவு சரியாக விழும். அதற்காகவே நான் சில சமயம் அவர் பின்னால் போய் வரிசையில் நின்றிருக்கிறேன்.

இதெல்லாம் சரி. எனக்கு இருக்கிற மனத்தாங்கல் வேறு.

உயர்ந்த ஜாதி இஞ்சினைச் சும்மா பக்கத்துக் கடைக்கெல்லாம் எடுக்கக் கூடாதாம். முழுதாகச் சூடேறுமுன் அணைத்தால் உள்ளே கரி படியுமாம். ஐப்பசி மழைக்குக் காட்டுப் பாதையில் கரிசல் சேறு மட்கார்டுக்குள் இறுகிச் சக்கரத்தையே பூட்டிவிடும். அதற்கும் அந்த வண்டியை எடுக்க முடியாது. ஆகவே காய்கறிக்கு என் ஸ்பிளெண்டர். பிள்ளையை டியூஷனில் விட என் ஸ்பிளெண்டர். காட்டுக்கு மருந்து தெளிக்க ஆள் கூட்டிக்கொண்டு போக என் ஸ்பிளெண்டர். விருந்தாளி வந்தால் கடம்பூருக்குப் போய் போளி வாங்கிவர என் ஸ்பிளெண்டர். "அண்ணே, சாவி" என்று வாசலில் நிற்பார். எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. போளியில் எனக்கு இரண்டு வரும், பெட்ரோல் வந்ததில்லை. இரண்டு லிட்டர் இருக்கும்போது வாங்கிக்கொண்டு போனாலும், அரை டேங்க் இருக்கும்போது வாங்கிக்கொண்டு போனாலும், திரும்பும்போது ரிசர்வில்தான் நிற்கும். இவ்வளவு துல்லியமாக எப்படி முடிகிறது என்பதற்கு ஆக்டேன் சாஸ்திரத்தில் விளக்கம் இல்லை.

தம்பி, எனக்குத் தொண்ணூற்றைந்து வேண்டாம். நூறு வேண்டவே வேண்டாம். உன் சௌகரியம்போல் சாதாவில் நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டுச் சாவியைக் கொடு.

போன வாரம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியை நீட்டிக்கொண்டே முகத்தைச் சுளித்தார். "அண்ணே, ஏத்தத்துல நாக் அடிக்குது. நல்ல பெட்ரோலாப் போடுங்க."

மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே நல்ல பெட்ரோலும் இல்லை, கெட்ட பெட்ரோலும் இல்லை.