டெல்லியில் காஜி வேலை காலி!

சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகத்தில் சுல்தானோடு சேர்ந்து கல்லறையிலிருந்து எழுந்து வருவாரே பதூதா, அவரை 'உலகப் பயணி' என்றுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் அவர் சொல்லி எழுதவைத்த பயண நூலைப் புரட்டினால் வேறொரு ஆசாமி தென்படுவார். வெளிநாட்டில் நல்ல உத்தியோகம், கொழுத்த சம்பளம், முடிந்தால் முன்பணம் என்று அலைந்த அசல் வேலை தேடி.

இபின் பதூதா 1304-ல் மொராக்கோவின் டான்ஜியர் நகரில் பிறந்தவர். காஜி உத்தியோகம், அதாவது நீதிபதி வேலை, பரம்பரைத் தொழில். 1325-ல் ஹஜ்ஜுக்குப் போய் வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனது உண்மை, ஹஜ் முடித்ததும் உண்மை. வருகிறேன் என்றதுதான் கொஞ்சம் இழுத்துவிட்டது. சுமார் 24 வருஷம்.

காரணம் டெல்லி. இன்றைக்கு நம் பிள்ளைகள் எந்தத் திசைக்கு விமானம் ஏறுகிறார்களோ, அன்றைக்கு அந்தத் திசையிலிருந்து இங்கே ஆள் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்குக்கு உள்ளூர் ஆட்கள்மேல் நம்பிக்கை கிடையாது. கடல் தாண்டி, மலை தாண்டி வந்தவன் என்றால் போதும், பதவி தயார். அவர்களை யாரும் 'அந்நியர்' என்று சொல்லக் கூடாது, 'அஜீஸ்' என்று மரியாதையாகத்தான் அழைக்க வேண்டும் என்று உத்தரவே போட்டிருந்தார்.

ஆனால் வெறுங்கையோடு போய் நின்றால் ஆகாது. சுல்தானுக்குப் பரிசு கொண்டுபோக வேண்டும். அவர் அதைப் போலப் பல மடங்கு திருப்பிக் கொடுப்பார். பரிசு வாங்கக் காசில்லாதவனுக்குக் கடன் கொடுக்கவே சிந்துப் பக்கம் வியாபாரிகள் கடை விரித்திருந்தார்கள். ஏஜென்ட் கமிஷன் நேற்று முளைத்த சமாச்சாரம் அல்ல. நம்மவர் ஒரு திக்ரித்து வியாபாரியிடம் முப்பது குதிரைகளையும் ஓர் ஒட்டகச் சுமை அம்புகளையும் வாங்கினார். அதில் வியாபாரி பெரிய புள்ளியானான். பல வருஷம் கழித்து, எல்லாவற்றையும் பறிகொடுத்த நிலையில் அலெப்போவில் அவனைப் பார்த்தபோது காலணா பெயரவில்லை என்று புலம்புகிறார் பதூதா.

1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரை. வந்திறங்கியவர் எப்படி இருக்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கூட எத்தனை ஆள், எத்தனை குதிரை என்று சுல்தானுக்கு ரிப்போர்ட் பறந்தது. முல்தானில் அடுத்த சோதனை. அங்குள்ள ஆளுநருக்கு ஓர் அடிமை, ஒரு குதிரை, கொஞ்சம் திராட்சையும் பாதாமும் கொடுத்து நல்ல பெயர் வாங்கினார். அதன் பிறகுதான் விஷயம்: நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு மட்டுமே நாட்டுக்குள் அனுமதி. காஜியையும் சாட்சிகளையும் உட்காரவைத்துப் பத்திரம் எழுதினார்கள். பதூதா தயங்கவில்லை, இங்கேயே இருக்கப்போகிறேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டார்.

டெல்லியில் நேர்காணல். சுல்தான் ஒவ்வொரு நல்ல வார்த்தை சொல்லும்போதும் கையை முத்தமிட்டதாகவும் மொத்தம் ஏழு முத்தம் ஆனதாகவும் அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு வந்தவர்களைக் கூப்பிட்டு, அமைச்சர் வேலையா, எழுத்தர் வேலையா, தளபதியா, நீதிபதியா, யாருக்கு எது வரும் என்று கேட்டார்கள். சபையில் சத்தமே இல்லை. எல்லோருக்கும் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணம். நம்மவர் முறை வந்தபோது, அமைச்சர் வேலையெல்லாம் நமக்கு ஒத்துவராது, காஜி வேலைதான் பாட்டன் பூட்டன் காலத்துத் தொழில் என்றார்.

கிடைத்தது டெல்லி காஜி பதவி. ஆண்டுச் சம்பளம் 12,000 தினார், கூடவே அதே அளவு முன்பணம். அப்போதுதான் நம்மவருக்கு மனசாட்சி உறுத்தியது. நான் மாலிகி சட்டம் படித்தவன், இங்கே நடப்பது ஹனஃபி சட்டம். எனக்கு இந்த ஊர் பாஷையும் தெரியாதே என்றார். சுல்தான் அசரவில்லை. பாஷையும் சட்டமும் தெரிந்த இரண்டு உதவியாளர்களை வைத்திருக்கிறேன், அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள், நீர் கையெழுத்துப் போடும் என்றார். சட்டமும் தெரியாது, பாஷையும் தெரியாது, நாற்காலி மட்டும் உண்டு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். டெல்லியில் ஆலை இருந்தது. இருந்தும் இலுப்பைப்பூவைத்தான் கிலோ கணக்கில் வாங்கினார்கள்.

சம்பளம் வந்ததும் செலவும் வந்தது. கடன் 55,000 தினாரில் போய் நின்றது. அதைத் தீர்த்த விதத்தில்தான் மனிதரின் மூளை பளிச்சிடுகிறது. கடன்காரர்களைக் கூப்பிட்டு, நான் அரண்மனைக்குள் நுழையும்போது வாசலில் மறித்து, சுல்தான் பேரைச் சொல்லிக் கூப்பாடு போடுங்கள் என்று தானே சொல்லிக்கொடுத்தார். அவர்களும் பிசிறில்லாமல் நடித்தார்கள். செய்தி உள்ளே போயிற்று. கடனைக் கஜானா ஏற்றுக்கொண்டது. நடுவில் லஞ்சம் குறைந்துபோனதால் ஓர் அதிகாரி கோப்பை இழுத்தடித்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அந்த அளவுக்கு நிர்வாகம் நவீனமாகத்தான் இருந்தது.

இனிப்பு இதுவரைதான். சுல்தானுக்குப் பணியாத ஷேக் ஒருவரை பதூதா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஷேக்கின் தலை போனது. பதூதாவைச் சுற்றி நான்கு காவலாட்கள் நின்றார்கள். அப்படிக் காவலுக்குள்ளான பலர் உயிர் தப்பியதில்லை. அன்று ஒரே நாளில் இறைவசனம் ஒன்றை 33,000 முறை ஓதினாராம். தப்பினார். உடனே பதவி, சொத்து எல்லாவற்றையும் உதறித் துறவி ஆனார். ஆனால் பாண்டில் கையெழுத்துப் போட்டவன் நினைத்தபோது ஊருக்குக் கிளம்ப முடியுமா? கடைசியில் சுல்தானே சீனாவுக்குத் தூது போ என்று அனுப்பியபோதுதான் டெல்லியை விட்டுக் கிளம்பினார்.

கோழிக்கோட்டில் புயல். அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் இருந்த நேரத்தில், பரிசுகள் ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய சாமான்கள் இருந்த கப்பலோ அவரை விட்டுவிட்டுப் போனது. கையில் மிச்சம் 10 தினாரும் படுக்கும் விரிப்பும். வெறுங்கையோடு டெல்லிக்குப் போனால் தலை இருக்காது என்று மாலத்தீவுக்கு ஓடினார். காஜி என்று தெரிந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என அடையாளத்தை மறைத்தார், பலிக்கவில்லை. அங்கும் காஜி வேலை, கூடவே நாலு கல்யாணம். பிறகு அமைச்சரோடு சண்டை.

அடுத்த புகலிடம் நம் மதுரை. டெல்லியில் அவர் கட்டிய மனைவியின் தகப்பனார்தான் துக்ளக்குக்கு எதிராகக் கிளம்பி மதுரையில் தனி சுல்தானானவர். 1344-ல் அங்கே ஆண்ட கியாசுதீனும் அதே வீட்டு மருமகன், அதாவது பதூதாவுக்குச் சகலை. சகலைகள் இருவரும் கூடிப் பேசி, மாலத்தீவின் மேல் படையெடுக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். பழைய முதலாளிமேல் இப்படியொரு வன்மம் இன்றைய ஊழியர்களுக்குக்கூட வராது. கொள்ளைநோய் குறுக்கிட்டது, சகலை இறந்தார், படையெடுப்பு நின்றது. பிறகு மேற்குக் கடலில் கொள்ளையர்கள் உருவிக்கொண்டு விட்டதில் உடம்பில் எஞ்சியது கால்சட்டை ஒன்றுதான்.

1349-ல் மொராக்கோ திரும்பினார். டெல்லி சுல்தான் அள்ளி வீசிய கதைகளைச் சொன்னார். ஊர் நம்பவில்லை, புளுகுகிறார் என்று அரண்மனையிலேயே கிசுகிசுத்ததை வரலாற்றாசிரியர் இபின் கல்தூன் எழுதியிருக்கிறார். கடைசிக் காலத்தில் சொந்த நாட்டிலேயே ஓர் ஊரில் காஜி வேலை கிடைத்தது. அங்கே சட்டமும் தெரியும், பாஷையும் தெரியும்.

வெளிநாட்டு வேலைக்குப் பெட்டி கட்டுகிற தம்பிகளுக்கு ஒன்று. சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், திரும்பி வர வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள். முல்தானில் பதூதா கேட்கத் தவறிய கேள்வி அது ஒன்றுதான்.