மேல்மாடி யன்னலும் கிணற்றடி மானமும்

வவுனியா நகருக்கு அணித்தேயுள்ள நெளுக்குளம் போன்ற ஊர்களில், கதியால் நட்டுக் கிடுகு வரிந்த வேலியும், அதிலே அயலவர் சீனியும் செய்தியும் கைமாற்றுவதற்கென விட்டுவைத்த பொட்டும் போய், சீமெந்துக்கல் மதில் எழும்பிய நாள்முதல் ஒருவர் அந்தரங்கம் மற்றவருக்குப் பரம இரகசியமாகிவிட்டது என்று எண்ணுபவர், பிரதேச சபைக்குப் போகும் முறைப்பாடுகளை வாசித்தறியாதவரே.

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டமும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் கட்டடத்துக்கு அனுமதி கேட்கின்றனவேயன்றி, அதன் யன்னலில் நிற்கும் கண்ணுக்குக் கேட்பதில்லை. இந்தக் குறையை அயலவர் நிவர்த்தி செய்கின்றனர்.

"புதிய மேல்மாடி யன்னலால் எங்கள் கிணற்றடி தெரிகிறது" என்று விநயமாகத் தொடங்கும் மனு, இரண்டாம் பந்தியிலேயே அவ்வறைச் சுவரின் வர்ணம், கட்டில் கிடக்கும் திக்கு, கனடாவிலிருந்து வந்து நிற்கும் பிள்ளை நடுச்சாமத்தில் கைத்தொலைபேசியில் கதைக்கும் கால அளவு ஆகியவற்றைச் சர்வ துல்லியமாக வர்ணித்துவிடுகிறது.

அளவுநாடாவுடன் வந்து, இரண்டு வீட்டிலும் பாரபட்சமின்றித் தேநீர் அருந்திய உத்தியோகத்தர், "இவ்வளவையும் எங்க நிண்டு கண்டனீங்கள், அம்மா?" என்று கேட்டார்.

"மதிலுக்கு மேலாலதான், தம்பி. வாங்கில ஏறி நிண்டாத்தான் தெரியுது. அவ்வளவு உசத்திக் கட்டிப்போட்டாங்கள். அதையும் ஒருக்கா எழுதுங்கோ."