குயிலலகு எலும்பு: ஒரு பின்புல ஆய்வு

மழை நாளில் மொசைக் படியில் வழுக்கி, கேட்காமலே உட்கார்ந்தபோது இவ்வாய்வு தொடங்கியது. அடிபட்ட இடத்துக்கு ‘காக்சிக்ஸ்’ என்று பெயர் சொன்ன மருத்துவர், காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவனுக்கு வேறென்ன வேலை? வேர்ச்சொல் தேடினேன்.

முதுகெலும்பின் கடைக்கோடியில், பெரும்பாலோருக்கு நான்கு குட்டி முள்ளெலும்புகள் ஒட்டி உருவானது இது. பெயரின் மூலம் கிரேக்கச் சொல், பொருள் குயில். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் பிணம் அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ் காலத்திலிருந்தே வழங்குகிறது. ஆனால் குயிலுக்கு அங்கே என்ன வேலை? அறிஞர் உலகம் இரண்டுபடுவது இங்கேதான்.

முதலாவது அலகுக் கட்சி. பக்கவாட்டில் பார்த்தால் எலும்பு குயிலின் அலகுபோல் வளைந்திருக்கிறது என்றார் உடற்கூற்றியலார் வெசாலியஸ். நியாயமான விளக்கம், ஆகவே சுவையில்லை.

இரண்டாவது குரல் கட்சி. எனக்குத் தெரிந்து ஒரே உறுப்பினர், பிரெஞ்சு உடற்கூற்றியலார் ஜான் ரியோலான் (மறைவு 1657). அபான வாயு வெளியேறும் வழியில் இவ்வெலும்பில் மோதி, குயில் கூவுவது போன்ற ஓசை எழுப்புகிறதாம். லத்தீனிலேயே எழுதி வைத்திருக்கிறார். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628இல் அறிவித்தபோது ஏற்க மறுத்தவரும் இதே ரியோலான்தான். இரத்த ஓட்டத்துக்கு அவர் கேட்ட சான்று, காற்றோட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

இருப்பினும் அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐரோப்பியக் குயில் ‘குக்-கூ’ என்று இரண்டு சுரத்தில் இறங்கும்; நம்மூர்க் குயிலோ கூவக் கூவ ஏறும். மனித ஓசை எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை, மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்த இரவில் வாசகர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கள ஆய்வு செய்துகொள்ளலாம்.

தமிழ்க் கலைச்சொல்லாளர்கள் இந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை. ‘குயில் எலும்பு’ என்று விட்டிருந்தால் ரியோலானுக்கும் ஓரமாக ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். ‘குயிலலகு எலும்பு’ என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கட்சி சாராதோர் ‘வால் எலும்பு’ என்கிறார்கள்.

என் பங்குக்கு, வளையத்தின் மேல் பல நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விருந்தாளிகள் வந்திருந்த ஒரு மாலையில் தெளிவாகக் கேட்டது. வளையத்தின் மூடி கழன்றுவிட்டது என்றேன். ஒருவரும் நம்பவில்லை.