தேர்வெழுதாத சொற்கள்: இங்கிலாந்துக் கல்வித் துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இங்கிலாந்துக் கல்வித் துறை, வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன்.

பொருள்: குற்றுயிர்களை விதிப்படி ஒலிக்க மறுக்கும் ஆங்கிலச் சொற்கள்மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மாட்சிமை பொருந்திய துறைக்கு,

பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, 2012 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை ஒவ்வொருவராக ஆசிரியர் முன் அமர்த்தி 40 சொற்களை வாய்விட்டுப் படிக்கச் செய்யும் ஃபோனிக்ஸ் சோதனையைத் துறை நடத்திவருவதும், அவற்றுள் 20 அகராதியில் உள்ள சொற்களாகவும் எஞ்சிய 20 எவரும் எப்பொருளிலும் வழங்காத போலிச் சொற்களாகவும் அமைவதும், போலிச் சொல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கற்பனைப் பிராணியின் படம் அச்சிடப்பட்டு அது அப்பிராணியின் பெயர் எனக் குழந்தைக்கு உணர்த்தப்படுவதும் பலரும் அறிந்தவை. இத்தனை முன்னேற்பாட்டுடன் நடக்கும் சோதனையில் குழந்தைகள் மட்டுமே சோதிக்கப்படுகிறார்கள் என்பதும், உண்மையில் விதியை மீறும் தரப்பான ஆங்கிலச் சொற்கள் ஒருமுறைகூடத் தேர்வுக்கு அழைக்கப்படவில்லை என்பதும்தான் இவ்விண்ணப்பத்துக்குக் காரணம்.

கடல்கடந்த ஊரிலிருந்து எழுதும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று துறை கேட்கக்கூடும். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தி, தேர்ந்த பிள்ளைகளைக் கொண்டே மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவைத்து, 1797-இல் அந்த அனுபவத்தை லண்டனில் நூலாக வெளியிட்டதும், அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியதும் வரலாறு. மணலையும் சட்டாம்பிள்ளையையும் கொடுத்துதவிய ஊரைச் சேர்ந்தவர் என்ற முறையில், அக்கடனுக்கு வட்டி கோராமல், ஒரு யோசனையைக் கூறும் உரிமையை மட்டும் மனுதாரர் கோருகிறார்.

குற்றுயிர் என்பது குறுகிய அளவில் ஒலிக்கும் உயிரொலி. தமிழிலக்கணம் அதற்கு ஒரு மாத்திரை, அதாவது இயல்பாகக் கண்ணிமைக்கும் அல்லது கைநொடிக்கும் நேரம், என்று அளவு வகுத்து, அ, இ, உ, எ, ஒ என ஐந்தையும் எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை ஒதுக்கிவிட்டது. ஆங்கிலத்திலும் உயிரெழுத்து ஐந்தே என்று கேட்டு மகிழும் தமிழ் வாசகர் சற்றுப் பொறுக்க வேண்டும். அங்கே ஏ என்ற பெயருடைய எழுத்தின் குற்றொலி, பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற சொல்லில் வருவதும் தமிழ் வரிவடிவத்துக்குள் அடங்காததுமான, அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலி; ஈ என்ற பெயருடையது ‘பெட்’ என்பதில் எகரமாகிறது; ஐ என்பது ‘பின்’ என்பதில் இகரமாகிறது; ஓ என்பது நாயைக் குறிக்கும் ‘டாக்’ என்பதில் ஆகாரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே உதட்டைச் சற்றே குவித்துக்கொண்டு நிற்கிறது; யூ என்பதோ ‘கப்’ என்பதில் ஏறத்தாழ அகரமாகிவிடுகிறது. எழுத்தின் பெயரை எவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்தாலும் அதன் குற்றொலி குழந்தைக்குத் தெரிந்துவிடாது என்பதால்தான், பெயரை ஒதுக்கிவைத்து ஒலியை முதலில் சொல்லித்தந்து, அவ்வொலிகளைக் கூட்டிச் சொல்லைப் படிக்கவைக்கும் ஃபோனிக்ஸ் முறை தேவைப்பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தல் என்று தமிழ்ப் பள்ளிகள் சொல்லிவந்ததற்கு இது மிக நெருக்கமானது.

ஜிம் ரோஸ் 2006-இல் அளித்த அறிக்கை இம்முறையைத் துறைக்குப் பரிந்துரைத்ததில் மனுதாரருக்கு எந்த மாறுபாடும் இல்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்னும் ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் கற்பித்தால், இரண்டே குற்றுயிர்களை வைத்துக்கொண்டு ‘சிட்’, ‘பின்’, ‘டிப்’, ‘பேன்’, ‘டேப்’ எனக் கணிசமான சொற்களைக் குழந்தை தொடக்கத்திலேயே தானாகக் கூட்டிப் படித்துவிடும் என்பது உண்மையான கண்டுபிடிப்பு; ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று ஆரம்பித்து ‘இசட் ஃபார் ஜீப்ரா’ வரை ஓதி முடித்தபின்னும் ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியாமல் நிற்கும் நிலையைவிட இது எவ்வளவோ மேல். சிக்கல், பாடத்தை நம்பிய குழந்தை பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வந்து முதல் கதைப்புத்தகத்தைத் திறக்கும்போது தொடங்குகிறது.

அங்கே முதல் வரியிலேயே, ‘இருந்தது’ எனப் பொருள்படும் ‘வாஸ்’ காத்திருக்கிறது. அதில் எழுதப்பட்டிருப்பது ஏ. ஒலிப்பதோ ஓ என்னும் எழுத்துக்குரிய குற்றொலி. டபிள்யூவின் பக்கத்தில் குடியேறிய ஏ இவ்வாறு தன் குணத்தை இழந்துவிடும் என்பதற்கு ‘வாட்’, ‘ஸ்வான்’ ஆகியவையும் சாட்சி. ‘பல’ எனப் பொருள்படும் ‘மெனி’யில் அதே ஏ எகரமாக ஒலிக்கிறது. ‘பிரிட்டி’ என்ற அழகிய சொல்லில் ஈ இகரமாகிறது, பெண்டிரைக் குறிக்கும் ‘விமன்’ என்பதில் ஓ இகரமாகிறது, வேலையாயிருப்பதைக் குறிக்கும் ‘பிஸி’யில் யூ இகரமாகிறது, புதைப்பதைக் குறிக்கும் ‘பெரி’யில் அதே யூ எகரமாகிறது. இகரத்தின் வீட்டுக்கு இத்தனை எழுத்துகள் போய்வருவதை ஆறு வயதுக் குழந்தை எந்த விதியைக் கொண்டு விளங்கிக்கொள்ளும் என்பதற்குத் துறையிடம் ஒரு விடை உண்டு: இவற்றைத் ‘தந்திரச் சொற்கள்’ என்று தனிப்பட்டியலில் இட்டு மனப்பாடம் செய்வித்துவிடுவது. மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் சொற்களில் கணிசமானவை அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. உண்மையில் தந்திரம் செய்த தரப்பு எது என்பதைப் பட்டியலின் பெயரே ஒப்புக்கொண்டுவிட்டது.

இக்குற்றங்களின் மூலத்தை ஆராய்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர்கள் எல்லோரும் எப்போதோ காலமாகிவிட்டார்கள் என்பது தெரியவரும். ‘சன்’, ‘லவ்’, ‘கம்’ போன்ற சொற்களில் அகரம்போல் ஒலிக்குமிடத்தில் ஓ எழுதப்படுவதற்கு அறிஞர்கள் வழக்கமாகத் தரும் விளக்கம், இடைக்கால எழுத்தர்களின் கையெழுத்தில் யூ, என், எம், வி ஆகிய யாவும் ஒரே மாதிரியான குறுங்கோடுகளின் வரிசையாகவே அமைந்ததால், எங்கே ஓர் எழுத்து முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்ற குழப்பத்தைத் தவிர்க்க அவர்கள் யூ இருந்த இடத்தில் ஓ போட்டுவைத்தார்கள் என்பது. யாரோ ஒருவர் தம் கண்ணுக்குச் செய்துகொண்ட வசதிக்கு இன்றைய முதல் வகுப்புப் பிள்ளை மதிப்பெண்ணால் ஈடு கட்டுகிறது. ‘பிஸி’, ‘பெரி’ ஆகியவற்றின் கதை வேறு: எழுத்தை ஒரு வட்டாரத்திடமிருந்தும் ஒலிப்பை வேறொரு வட்டாரத்திடமிருந்தும் மொழி பெற்றுக்கொண்டது. இதற்கிடையில், ஏறத்தாழ பதினைந்தாம் நூற்றாண்டு முதல் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் நீடித்த பெரும் உயிரொலி மாற்றம் ஆங்கில நெடில்களை எல்லாம் வாய்க்குள் இடம்பெயர்த்துவிட, குறில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன; எழுத்தின் பெயருக்கும் அதன் குற்றொலிக்கும் உறவு அறுந்தது இதனால்தான். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் அச்சுக்கூடம் அமைத்ததும், அந்த மாற்றம் முடியுமுன்பே எழுத்துக்கூட்டல் அச்சில் உறையத் தொடங்கியதும் துறையின் தலைமையகம் இருக்கும் அதே வெஸ்ட்மின்ஸ்டரில்தான் என்பதால், விசாரணைக்கு வெளியூர்ப் பயணப்படி தேவைப்படாது.

இந்தப் பின்னணியில் போலிச் சொற்களின் ஒழுக்கம் வியக்கத்தக்கது. துறையின் மாதிரி வினாத்தாளில் இடம்பெற்ற ‘வாப்’, ‘பிம்’, ‘உல்ஃப்’ ஆகியவை துறை வகுத்த குற்றுயிர் விதியிலிருந்து இம்மியும் விலகவில்லை. குழந்தை சொல்லை முன்பே கண்டு மனத்தில் வைத்திருக்கிறதா, எழுத்தைப் பார்த்துக் கூட்டுகிறதா என்பதைப் பிரித்தறியவே இவை சேர்க்கப்படுகின்றன என்ற துறையின் வாதம் நியாயமானதே. எனினும் அந்த வாதத்துக்குள் ஒரு வாக்குமூலம் ஒளிந்திருக்கிறது: விதிப்படி நடக்கும் சொல் துறைக்கு வேண்டுமென்றால், அதைத் துறையே படைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மதிப்பெண் இடும் முறையும் இதற்கேற்றதாகவே அமைந்துள்ளது. அகராதிச் சொல்லை உலகம் ஒலிப்பதுபோலவே ஒலிக்க வேண்டும். போலிச் சொல்லை, அதன் எழுத்துகள் இடங்கொடுக்கும் எந்த வகையில் ஒலித்தாலும் மதிப்பெண் உண்டு. இல்லாத பிராணிகளுக்கு வழங்கப்பட்ட இந்தச் சுதந்திரம் இருக்கும் குழந்தைகளுக்கு இல்லை. சரளமாகப் படிக்கத் தொடங்கிவிட்ட குழந்தைகள், பொருளற்ற சொல்லைப் பொருளுள்ள சொல்லாகத் திருத்திப் படித்து மதிப்பெண்ணை இழப்பதாக ஆசிரியர்கள் முறையிட்டதும் உண்டு. பொருளைத் தேடியது அக்குழந்தைகளின் குற்றம். இல்லாத பிராணிகளைப் பற்றி இல்லாத சொற்களால் 1871-இலேயே கவிதை வெளியிட்ட லூயிஸ் கரோல், இன்றிருந்தால் வினாத்தாள் குழுவின் தலைவராகியிருப்பார்.

வட்டார வழக்கைக் கணக்கில் கொள்ளுமாறு துறையின் வழிகாட்டுதல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வது பாராட்டுக்குரியது. லீட்ஸ் போன்ற வடபகுதி நகரங்களில் ‘கப்’ என்பதன் யூ, தமிழரின் உகரத்தை ஒட்டியே ஒலிப்பதால், தெற்கின் பாடநூலை வடக்கின் குழந்தை வாய்விட்டுப் படித்தாலே விதி தடுமாறும். ஐந்தெழுத்தில் எதற்கும் சொந்தமில்லாததும் ஆங்கிலப் பேச்சில் வேறெந்த உயிரொலியைவிடவும் மிகுதியாக வருவதுமான, வாயை அரைகுறையாகத் திறந்து விட்டுவிடும் சோம்பல் ஒலி ஒன்றும் உண்டு. வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயரில் மூன்று ஏ இருந்தும் அவற்றில் முதலும் கடைசியும் இந்தச் சோம்பல் ஒலிதான்.

தேர்ச்சிக்கான எல்லை 40-க்கு 32. 2012-இல் 58 விழுக்காட்டினரும் 2013-இல் 69 விழுக்காட்டினரும் அதை எட்டினர். அவ்விரு ஆண்டுகளிலும் எல்லை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்ததால், 31 பெற்ற குழந்தைகள் அரிதாகவும் 32 பெற்றவர்கள் திடீரெனப் பெருகியும் காணப்பட்டார்கள். விடைத்தாளில் ஒரு மதிப்பெண் குறைந்தால் தேடிப்பார்த்துப் போட்டுத்தரும் ‘ஜஸ்ட் பாஸ்’ கருணை தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியது என்ற நீண்டகால எண்ணம் இதனால் தகர்ந்தது. 2014 முதல் துறை எல்லையைச் சோதனை முடியும்வரை இரகசியமாக வைத்தது. முடிந்தபின் வெளியான அந்த இரகசியம் மறுபடியும் 32. அதற்குப் பின்வந்த ஆண்டுகளிலும் 32.

தமிழ்த் தரப்பு இதில் மார்தட்டிக்கொள்ள முடியாது என்பதையும் மனுதாரர் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏட்டில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டதால், ‘எரி’யா ‘ஏரி’யா, ‘கொடு’வா ‘கோடு’வா என்பதை இடம்நோக்கி ஊகித்தே படிக்க வேண்டியிருந்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்கு வேறு வடிவம் தந்து குழப்பத்தைத் தீர்த்தார். ‘காடு’ என்பதன் இறுதியில் அரை மாத்திரையாகக் குறுகி, உதடும் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தை முழு உகரத்தின் வடிவிலேயே எழுதிவைத்து, அதைப் பற்றிக் குழந்தையிடம் பல வகுப்புகளுக்கு வாய்திறக்காமலிருப்பதும் இதே தமிழ்தான். ஆயினும் குறிலுக்கு வைத்தியம் பார்க்க வெளியூர்க்காரர் ஒருவரை அனுமதித்த முன்னுதாரணம் தமிழிடம் இருக்கிறது என்பதைத் துறை கவனத்தில் கொள்ளலாம்.

உள்ளூர் வைத்தியம் ஏற்கெனவே பார்க்கப்பட்டுவிட்டது. தட்டச்சுப் பயிலகங்களின் வழியே தமிழ்நாட்டில் பலரும் அறிந்த சுருக்கெழுத்தை வகுத்த ஐசக் பிட்மனின் பேரன் ஜேம்ஸ் பிட்மன், ஒலிக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் 44 எழுத்துகளைக் கொண்ட தொடக்கநிலை நெடுங்கணக்கை உருவாக்க, 1961 முதல் அது பள்ளிகளில் சோதிக்கப்பட்டது. அதில் குழந்தைகள் நன்றாகவே படித்தார்கள். பிறகு அதை மறந்துவிட்டு வழக்கமான எழுத்துக்கூட்டலுக்கு மாற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு; முறை வழக்கொழிந்தது. குழந்தையை மாற்றினாலும் நெடுங்கணக்கை மாற்றினாலும் சொற்கள் மாறுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, சோதனைக்கு உட்படும் தரப்பை மாற்றியமைத்து, வருகிற ஜூன் முதல் ஆங்கிலச் சொற்களை நாற்பது நாற்பதாக முதல் வகுப்பில் அமர்த்தி, ஆறு வயதுக் குழந்தைகளைக் கொண்ட குழு முன்னிலையில் அவை எழுதப்பட்டபடியே ஒலிக்கின்றனவா என்று சோதித்து, தவறும் சொற்களை, குழந்தைகளுக்கு இன்று விதிக்கப்பட்டுள்ளதைப் போலவே, அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் மறுசோதனைக்கு அனுப்புமாறு மனுதாரர் வேண்டுகிறார். பாரபட்சம் என்ற பேச்சு எழாமலிருக்க முதல் தொகுதியில் பெரிய இடத்துச் சொற்களையே அழைப்பது நல்லது. துறையின் அலுவலகம் இருக்கும் நகரத்தின் பெயரில் முதல் உயிர் ஓ என எழுதப்பட்டு அகரம்போல் ஒலிக்கிறது. துறை ஆளும் நாட்டின் பெயரும், அது கற்பிக்கும் மொழியின் பெயரும் ஈ என்னும் எழுத்தில் தொடங்கி இகரமாக ஒலிக்கின்றன. தமிழர் அவற்றைக் காதால் கேட்டபடி லண்டன், இங்கிலாந்து, இங்கிலீஷ் என்று எழுதிக்கொள்வதால் இந்தப் பிழை தமிழ் அச்சில் தெரிவதில்லை; துறையின் சொந்த முகப்புத்தாளிலோ ஒவ்வொரு கடிதத்திலும் தெரிகிறது. மூன்றுக்கும் இரண்டாம் வகுப்பில் இடம் ஒதுக்கிவைக்கலாம்.

இப்படிக்கு,
மனுதாரர்.

இணைப்பு: வாப், பிம், உல்ஃப் ஆகியோரின் நன்னடத்தைச் சான்றிதழ்கள், மூன்று.