எறும்புக்கு எந்தத் துறையோ, அந்தத் துறைக்கு

அனுப்புநர்: கடிபட்ட குடிமகன், தென்காசி.

பெறுநர்: செவ்வெறும்புக்குப் பொறுப்பான உயர்திரு அதிகாரி அவர்கள் (துறையின் பெயர் தெரியவந்ததும் நிரப்பிக்கொள்ளவும்).

பொருள்: குற்றாலம் சாலையை ஒட்டிய என் வீட்டுப் புறவாசலில் எறும்புகள் தனியரசு நடத்துவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

சாரல் விழுந்து சீசன் களைகட்டிவிட்டது. ஊரே ஐந்தருவிக்குப் போகிறது. நான் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மண் நனைந்ததும் கிணற்றடியிலும் தென்னை மூட்டிலும் செவ்வெறும்பு பொலபொலவென்று மண்ணைத் தள்ளிக் குடியேறிவிட்டது. கட்டட அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை.

இது குறித்து ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறேன். எந்தெந்த அலுவலகத்தில் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். ஓரிடத்தில், கொசுவுக்குப் புகையடிக்க ஆள் உண்டு, எறும்புக்கு ஏற்பாடு இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில், கடித்தது பயிரையா ஆளையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1914-இல் வெள்ளைக்காரன் போட்ட பூச்சிச் சட்டம் பயிருக்குக் கேடு செய்வதைத்தான் கணக்கில் கொள்ளும். என் கால் பெருவிரல் எந்தப் பருவத்திலும் சாகுபடியில் இல்லை. மூன்றாவது இடத்தில், சீட்டுப் போட்டால் கடிபட்டவரைப் பார்ப்போம், கடித்தவரைப் பார்க்க மாட்டோம் என்று தெளிவுபடுத்தினார்கள்.

எதிரி யாரென்று தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு இல்லை இது. முசுறு கடித்துவிட்டு அந்த இடத்தில் அமிலத்தைப் பீச்சும். இது தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்புறக் கொடுக்கால் குத்தும். பிடியை விடாமல் சுற்றிச் சுற்றிக் குத்தும். பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் ஏறி ஆசியப் பக்கம் வந்தது என்று மரபணுவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் இல்லையே தவிர, தென்காசி மாவட்டத்தைவிட மூத்த குடி. மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில்தானே.

அரசு கைவிட்ட இடத்தில் எங்கள் தெரு கைகொடுத்தது. எதிர்வீட்டு ஆச்சி சுண்ணாம்பு தந்தார். பக்கத்து வீட்டு மதினி பற்பசை. முடிதிருத்தும் அண்ணாச்சி வெங்காயம். எல்லோருக்கும் ஒரே தத்துவம்: உள்ளே போனது அமிலம், அதை முறிக்க வேண்டும். ஆனால் செவ்வெறும்பின் நஞ்சில் பெரும்பகுதி ஆல்கலாய்டு என்ற வேறு சரக்கு. சுண்ணாம்பு அதை முறிக்காது, தோலைத்தான் பொசுக்கும். உடனே எறும்பைத் தட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்தாலே பாதி எரிச்சல் அடங்கும். கொப்புளம் வந்தால் கிள்ளக் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ எந்த ஆச்சியையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அரை ரூபாய் செலவில்லாத இந்தச் செய்தியை ஒரு பலகையில் எழுதிப் பேரருவிப் பக்கம் வைக்கலாம். அங்கே ஏற்கெனவே நிற்கும் பலகைகளுக்கு நடுவே இடம் இருந்தால்.

புற்றை ஒழிக்கவும் தெருவே திட்டம் தீட்டியது. ரவையைத் தூவினால் எறும்பு தின்று வயிறு வெடித்துச் சாகும் என்றார்கள். வளர்ந்த எறும்பால் ரவையை விழுங்கவே முடியாது. கூட்டுக்குள் இருக்கும் அதன் புழுக்களுக்குத்தான் அந்த வேலை. ஆக, நான் செய்தது சத்துணவுத் திட்டம். விடியற்காலை வாசலில் மாக்கோலம், பகலில் புறவாசலில் ரவை. சாயங்காலம் அவர்களுக்கே கொதிநீர். கொதிநீர் கொஞ்சம் பலிக்கிறது. டெக்சாஸ் பக்கத்து வேளாண் விரிவாக்கத்தார், புற்றுக்குப் பதினோரு லிட்டர் ஊற்றினால் நூற்றுக்கு அறுபது பலிக்கும் என்கிறார்கள். தப்பித்த நாற்பது என் வீட்டில். மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னவரும் உண்டு. கிணற்றடியில் ஊற்றினால் அடுத்த மனு குடிநீர்த் துறைக்கு என்பதால் விட்டுவிட்டேன். 1997-இல் தடைசெய்த பிஹெச்சி பொடியை இன்னும் பாசத்தோடு நினைவுகூரும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

ஐயா, இதிலெல்லாம் என்ன கோளாறு தெரியுமா? அடி முழுக்க வாசலில் நிற்கும் கடைநிலை ஊழியர்களுக்கே விழுகிறது. ராணி அடியில் பத்திரம். ஆனால் அந்த அரசில் ஓர் ஒழுங்கு உண்டு. கீழே வாங்கியது மேலே போய்ச் சேரும். வாய்க்கு வாய் ஊட்டி, ராணி வரைக்கும்; நடுவில் யாரும் அமுக்குவதில்லை, நாளை வா என்பதில்லை. அதனால்தான் கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரை, பத்து விழுக்காடு சீனித் தண்ணீரில் ஒரு விழுக்காடு மட்டும் கலந்து, பிள்ளைகளும் நாய்பூனையும் எட்டாத இடத்தில், மழை இல்லாத நாளில் வைத்தால் வேலை செய்கிறது. கூடுதலாகப் போட்டால் தூக்கிப்போகிறவரே வழியில் செத்துப்போவார், கோப்பு நகராது. நேர்மையான நிர்வாகத்தைக் கவிழ்க்க இது ஒன்றே வழி. இதே மருந்தைத் தங்கள் அலுவலகத்தில் வைத்தால், முதல் மேஜையிலேயே காய்ந்துபோயிருக்கும்.

அரசு எறும்பைக் கவனித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியது. ஆடுமாடுகளின் கண்ணைப் பாதிக்கிறது என்று விவசாயிகள் அலறி, தொலைக்காட்சிக்காரர்கள் மலையேறிய பிறகுதான் ஆய்வுக்கு உத்தரவு பிறந்தது. என் வீட்டு எறும்புக்கு அவ்வளவு புகழ் இல்லை. ஆனாலும் செம்பருத்தியில் மாவுப்பூச்சி மேய்க்கிறது, கத்தரி விதையைத் தூக்கிப்போகிறது. இது பயிர்க் கணக்கில் வருமா என்று பார்த்துச் சொல்லவும். வராது என்றால், எந்தத் துறையில் வரும் என்றாவது ஒரு வரி எழுதி அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைக் காலில் நிற்கும் மனுதாரர்.

நகல்: ராணியார் அவர்களுக்கு, தென்னை மூடு, கிணற்றடி (தகவலுக்காக. அங்கே இன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும்).