வெண்பூசணக் குடித்தனம்: கமம்பேர் சீஸை வீட்டில் பழுக்கவைத்தல் குறித்த ஓர் ஆராய்ச்சி

கமம்பேர் என்பது சுமார் 11 சென்டிமீட்டர் விட்டமும் 3 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, வேண்டுமென்றே பூசணம் பிடிக்கவைத்த பசும்பால் சீஸ். ஊறுகாயில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் ஜாடியோடு தூக்கிக் கொட்டும் அதே கைகள், இதில் எட்டாம் நாளும் பூசணம் பூக்கவில்லையென்றால் பதறுகின்றன. இந்த முரண்பாடு அறிஞர்களின் கவனத்துக்கு இன்னும் உரிய அளவில் வரவில்லை. செய்முறைக் கையேடுகள் பெரும்பாலும் மனிதரைச் சீஸ் செய்பவராகவும் பூசணத்தை ஒரு சேர்மானமாகவும் வைத்து எழுதப்பட்டவை. நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் பூசணம் குடித்தனக்காரர் என்பதும், மனிதர் வெறும் வீட்டுக்காரர் என்பதும் விளங்கும். வீட்டுக்காரரின் கடமைகள் இரண்டு: ஈரம், காற்று, குளிர்ச்சி மூன்றையும் தடையில்லாமல் தருவது, நொடிக்கொரு தரம் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருப்பது. முதலாவதைப் பழகிக்கொள்ளலாம். இரண்டாவதைப் பழகிக்கொண்டவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

தோற்றம் பற்றி இரு கொள்கைகள் உண்டு. பிரான்சின் நார்மண்டியில், கமம்பேர் என்ற சிற்றூரில், மரி அரேல் என்ற பெண்மணி 1791-இல் இதைக் கண்டுபிடித்தார் என்பது முதற்கொள்கை. புரட்சிக்குப் பயந்து ஒளிந்திருந்த பாதிரியார் ஒருவர் பிரீ வட்டாரத்துச் சீஸின் சூட்சுமத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக அக்கதை மேலும் கூறும். மாற்றுக் கொள்கையினர் 1708-இல் தோமா கொர்னேய் வெளியிட்ட புவியியல் அகராதியைப் பிரித்துக் காட்டுவர். விமூத்தியே சந்தைக்குக் கமம்பேரிலிருந்து நல்ல சீஸ் வருவதை அது குறிப்பிடுகிறது. மரி அரேல் பிறந்ததோ 1761-இல். இரு கொள்கைகளையும் ஒருசேர ஏற்பதென்றால், அம்மையார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே சரக்கைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார் என்று கொள்ள வேண்டும். விமூத்தியே ஊரார் இந்தச் சிக்கலுக்கெல்லாம் அசையாமல் 1928-இல் அவருக்குச் சிலை வைத்தனர். 1944-இல் குண்டுவீச்சில் சிலையின் தலை போயிற்று. பிறகு அமெரிக்கச் சீஸ் ஆலைத் தொழிலாளர்கள் பணம் போட்டு வேறு சிலை அனுப்பினர். கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கு இதனால் தீரவில்லை; சிலைக்குத் தலை கிடைத்தது.

இனி குடித்தனக்காரர். பெனிசிலியம் கமம்பெர்ட்டி என்ற பெயரை 1906-இல் இதற்கு இட்டவர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சீஸ் பூசணங்களை ஆராய்ந்த சார்லஸ் தாம். பெனிசிலின் மருந்தைத் தரும் பூசணம் இதன் பங்காளி. பழைய கமம்பேரின் தோல் நீலமும் சாம்பலும் கலந்து கிடந்தது. இன்றைய பஞ்சு வெண்மை, இருபதாம் நூற்றாண்டில் வெள்ளை வகை ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்துத் திரும்பத் திரும்ப வளர்த்ததன் பலன். அதற்கான விலையையும் அது கொடுத்திருக்கிறது. ஒரே பூசணத்தின் நகல்களையே பெருக்கி வந்ததில் அது இனக்கலப்புத் திறனை இழந்துவிட்டது, வித்துகளையும் போதிய அளவில் உண்டாக்குவதில்லை என்று பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் 2024-இல் எச்சரித்தது. வாரிசில்லாத குடித்தனம். நிறத்தைப் பார்த்து ஆள் எடுத்தால் இப்படித்தான் முடியும்.

குடிபுகுமுன் வீடு கட்டியாக வேண்டும். ஒரு வட்டுக்குச் சுமார் 2 லிட்டர் பால் செலவாகும். மிகு வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைத்த பால் உதவாது. அதில் மோர்ப்புரதங்கள் கேசின் என்ற பால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உறைவதைக் கெடுக்கின்றன. சாதாரணப் பாக்கெட் பால் போதும், சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்தால் கட்டி உறுதிப்படும். பாலை 32 டிகிரிக்குச் சூடாக்கி, லாக்டிக் பாக்டீரியாக்களின் தூளையும் கத்தி நுனியளவு பூசண வித்துத் தூளையும் தூவி, ஒரு மணி நேரம் புளிக்கவிட்டு, ரென்னெட் ஊற்ற வேண்டும். ரென்னெட் என்பது கன்றின் இரைப்பையில் சுரக்கும் நொதி. சைவர்களுக்கென்று விற்கும் மாற்றில் பெரும்பகுதியும் ஒரு பூசணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது இவ்வாய்வுக்குப் பக்க பலம். ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பால் உறையும். கத்தியைச் சாய்வாகச் செருகி நிமிர்த்தினால் கட்டி நேர்க்கோடாகப் பிளந்து, பிளவில் பச்சை கலந்த தெளிநீர் ஊற வேண்டும். அந்த நீர் பால் நிறத்தில் இருந்தால் அவசரப்பட்டாயிற்று என்று பொருள்.

உறைந்ததைக் கரண்டியால் அள்ளி, அடி திறந்த, பக்கமெல்லாம் துளையிட்ட அச்சுகளில் நிரப்ப வேண்டும். பெயர்ப் பாதுகாப்புப் பெற்ற நார்மண்டிக் கமம்பேருக்கு ஒரே மூச்சில் கொட்டக் கூடாது, இடைவெளி விட்டுக் குறைந்தது ஐந்து தடவையாக அள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. வழிய வழிய நிரப்பிய அச்சு மறுநாள் காலையில் மூன்றில் ஒரு பங்காகத் தணிந்து கிடக்கும். புதியவர் பலர் இந்நிலையில் பால்காரரைச் சந்தேகிப்பர். அவர் நிரபராதி, போனதெல்லாம் தண்ணீர். முதல் முறை திருப்பிப் போடும்போது வட்டு உடைவதும் உண்டு. ஆகவே மேலும் கீழும் பாய் வைத்து, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து, யாரும் பேச்சுக் கொடுக்காத நேரம் பார்த்துத் திருப்புவது வழக்கம். பிறகு எடையில் 2 விழுக்காட்டுக்கு மிகாமல் உப்பைத் தடவி, மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு போகும்வரை ஆற விட வேண்டும்.

பழுக்கவைக்க 12 டிகிரி குளிரும் 90 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் தேவை. நார்மண்டியில் இதற்கு நிலவறை இருந்தது. நிலவறை இல்லாத வீட்டில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா அந்த வேலையைச் செய்கிறது. ஒயின் வைக்கும் சிறு ஃப்ரிட்ஜ் கிடைத்தால் உத்தமம். சமையலறை ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் பூசணம் வராமல் இல்லை, சோம்பலாக வரும். டப்பா மூடியின் உட்புறம் கோத்து நிற்கும் நீர்த்துளிகளைத் தினமும் துடைத்து, வட்டைத் திருப்பிப் போட வேண்டும். தினம் ஒரு முறை திறந்தாக வேண்டும் என்ற இந்த விதியே எட்டிப் பார்க்கும் பழக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பாக அமைந்துவிட்டது. காலையில் திருப்பியது நினைவில்லை என்ற காரணத்தால் மாலையிலும், சரியாகத் திருப்பினோமா என்ற ஐயத்தால் இரவிலும் திறக்கப்படுவதைக் கருதும்போது, நினைவாற்றலுக்கும் சீஸுக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயத் தக்கது. ஐந்து முதல் எட்டு நாளுக்குள் வெண்ணிற ரோமம் எழும். பத்து பன்னிரண்டு நாளில் வட்டு முழுதும் மூடியதும் காற்றோட்டமுள்ள சீஸ் தாளில் சுற்றிக் குளிருக்கு மாற்றலாம்.

அதற்குப் பின் உள்ளே நடப்பதில் வீட்டுக்காரருக்குப் பங்கே இல்லை. பூசணம் முதலில் மேற்பரப்பின் லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கிறது. அடுத்து புரதத்தைச் சிதைத்து அமோனியாவை வெளிவிடுகிறது. தொடக்கத்தில் 4.6 அளவில் இருந்த தோலின் பிஎச் 7-ஐத் தாண்டுகிறது. நடுப்பகுதி புளிப்பாகவே இருக்கிறது. வெளியே கால்சியம் பாஸ்பேட் உப்பாகப் படியவே, உள்ளிருக்கும் கால்சியம் தோலை நோக்கி நகர்கிறது. கால்சியத்தை இழந்த கேசின் வலை தளர்ந்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நெகிழ்கிறது. பூசணத்தின் நொதிகளே மையம்வரை ஊடுருவிக் கரைப்பதாக நம்புவோர் உண்டு. அந்த நொதிகள் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. குடித்தனக்காரர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு பூஜையறைவரை மாற்றியமைக்கிறார் என்பதே உண்மை நிலை.

உள்வாடகைக்கு வருவோரால் தொல்லை உண்டு. சாம்பல் ரோமத்தின் நுனியில் கறுப்புப் பொட்டு தெரிந்தால் அது மியூகோர். பிரெஞ்சுக்காரர் அதைப் பூனை ரோமம் என்பர். தோல் சுருக்கம் சுருக்கமாக மடிந்தால் ஜியோட்ரிக்கம் என்ற வேறொரு பூசணம் அத்துமீறியிருக்கிறது; அதற்குத் தேரைத் தோல் என்று பெயர். உப்பைக் கண்டால் ஜியோட்ரிக்கம் அடங்கும் என்பதால், உப்பில் கஞ்சத்தனம் செய்தவர்களே இதைப் பெரிதும் காண்கின்றனர். நீலத் திட்டு பெரும்பாலும் அதே ஃப்ரிட்ஜில் இருக்கும் நீலச் சீஸின் கைவரிசை. தண்ணீர் சரியாக வடியாத வட்டில் தோல் தனியே கழன்று வழுக்கும்.

மூன்றாம் வாரத்தில் வீட்டிலுள்ள மற்றவர்களும் ஆய்வில் ஈடுபடுத்தப்படுகின்றனர். முதலில் காளான் வாசனை, பிறகு வெந்த முட்டைக்கோஸ், அதன்பின் அமோனியா என்ற வரிசையில் மணம் முன்னேறுகிறது. காளான் வாசனைக்குப் பொறுப்பான ஆக்டீனால் என்ற பொருள் காளானிலும் இருப்பதுதான். ஃப்ரிட்ஜில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்ற புகார் எழுவது அமோனியாக் கட்டத்தில். தாளைப் பிரித்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் லேசான அமோனியா போய்விடும். போகாவிட்டால் பக்குவம் கடந்துவிட்டது.

பதம் பார்க்க, கட்டைவிரலால் முதலில் விளிம்பையும் பிறகு நடுவையும் அழுத்த வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நெகிழ்ந்தால் முழுப் பக்குவம். நடுவில் சுண்ணாம்பாக வெள்ளைக் கோடு இருக்கும்போதே விரும்பி உண்பவர்களும் நார்மண்டியில் உண்டு. வழிந்து ஓடும் நிலைக்குக் காத்திருப்பவர்கள் அவர்களை மதிப்பதில்லை. கருவுற்றவர்களுக்கு இரு கட்சியும் பொருந்தாது. புளிப்பு குறைந்த ஈரமான சீஸில், ஃப்ரிட்ஜ் குளிரிலும், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளரும் என்பதால் அவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். முதியோரும் நோயெதிர்ப்பு குன்றியோரும் அப்படியே. மற்றவர்கள் உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து, தோலோடு உண்ணலாம். தோலை உரித்து ஒதுக்குவோர் குடித்தனக்காரரை வெளியேற்றிவிட்டு அவர் அடித்த வெள்ளையை மட்டும் ரசிப்பவர்கள். மிஞ்சிய துண்டின் வெட்டு முகத்தில் சில நாளில் பூசணம் மறுபடி படர்ந்து சுவர் எழுப்பத் தொடங்கும் என்பதால், அதற்குள் தீர்த்துவிட வேண்டும்.